‘இன்சைட் ஜாப்’ ஆவணப்படம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2008 நிதி நெருக்கடி ஏன் வந்தது என்பதைச் சொல்லும் ‘இன்சைட் ஜாப்’ படத்தை யாருக்குப் பரிந்துரைத்தாலும், பார்த்து முடித்தபின் அவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகளாகவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் எழுதுவதைவிட ஓரிடத்தில் தொகுத்துவிடலாம் என்று தோன்றியது. கேட்டவர்களின் சொற்களை முடிந்தவரை அப்படியே வைத்திருக்கிறேன். படம் பார்க்காதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். முன்கூட்டியே தெரிந்தால் சுவை கெட்டுவிடும் என்று சொல்லும்படியான திருப்பம் எதுவும் இதில் இல்லை.

இது என்ன படம்? யார் எடுத்தது?

2010இல் வெளிவந்த அமெரிக்க ஆவணப்படம். இயக்கியவர் சார்லஸ் ஃபெர்குசன். அவரோடு சேர்ந்து தயாரித்தவர் ஆட்ரி மார்ஸ். பின்னணிக் குரல் நடிகர் மேட் டேமனுடையது. கான் திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்டது. 2011இல் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது.

ஃபெர்குசன் எம்ஐடியில் அரசறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். மென்பொருள் நிறுவனம் ஒன்றைத் தொடங்கி 1996இல் மைக்ரோசாஃப்டுக்கு விற்றவர். இந்தப் பின்னணி படத்துக்குப் பெரிதும் உதவியிருக்கிறது. எதிரே இருப்பவர் கலைச்சொற்களை அடுக்கினால் மிரண்டுபோகாமல், அடுத்த கேள்வியைக் கையில் ஆதாரத்தோடு கேட்கிறார்.

நான் பொருளாதாரம் படித்ததில்லை. எனக்குப் புரியுமா?

புரியும். படம் ஐந்து பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: இந்த நிலைக்கு எப்படி வந்தோம், 2001 முதல் 2007 வரை ஊதிப் பெருத்த குமிழி, நெருக்கடி, பொறுப்பு யாருடையது, இப்போது எங்கே நிற்கிறோம். படத்தில் வரும் படவிளக்கங்கள்தான் கொஞ்சம் வேகமானவை. அங்கே நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். அதில் வரும் மூன்று விஷயங்களைக் கீழே தனித்தனியே விளக்கியிருக்கிறேன். அவை பிடிபட்டால் மீதி எல்லாம் தானாக விளங்கிவிடும்.

அமெரிக்காவில் நடந்த நெருக்கடிக்கு ஐஸ்லாந்தில் ஏன் படம் தொடங்குகிறது?

ஐஸ்லாந்து சின்ன நாடு. மக்கள்தொகை சுமார் 3,20,000. நாட்டின் ஆண்டு உற்பத்தி மதிப்பு சுமார் 1,300 கோடி டாலர். 2000ஆம் ஆண்டுவாக்கில் கட்டுப்பாடுகளைத் தளர்த்தி, வங்கிகளைத் தனியாரிடம் கொடுத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் மூன்று வங்கிகள் சேர்ந்து நாட்டின் பொருளாதாரத்தைப் போலப் பத்து மடங்கு அளவுக்கு வெளியிலிருந்து கடன் வாங்கிக் குவித்தன. 2008 அக்டோபரில் மூன்றும் ஒரே சமயத்தில் சரிந்தன.

பெரிய நாட்டில் பல அடுக்குகளுக்குள் ஒளிந்திருப்பது அங்கே வெட்டவெளிச்சமாகத் தெரிகிறது. அரசு ஒதுங்கி நின்றது. தணிக்கையாளர்கள் குறை காணவில்லை. கடன் திரும்ப வருமா என்று மதிப்பிட்டுத் தரம் சொல்லும் தரமதிப்பீட்டு நிறுவனங்கள் 2007இல்கூட அந்த வங்கிகளுக்கு மிக உயர்ந்த தரத்தைக் கொடுத்தன. வெளிநாட்டுப் பேராசிரியர்கள் நற்சான்று எழுதினார்கள். இதே நால்வகைப் பாத்திரங்கள் பிறகு நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் வருவார்கள். ஆகவே அந்த முதல் சில நிமிடங்களை முன்னுரை என்று தள்ளிவிடாமல் கவனமாகப் பாருங்கள்.

திருப்பிக் கட்ட முடியாதவர்களுக்கு வங்கிகள் எதற்காக வீட்டுக்கடன் கொடுத்தன? அவர்களுக்குத்தானே நட்டம்?

மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான். படத்தின் ஆணிவேரும் இதுதான். பழைய முறையில் கடன் கொடுத்தவர் முப்பது ஆண்டுகள் தவணை வாங்கினால்தான் அவருக்குப் பணம். அதனால் வாங்குகிறவரின் வருமானத்தைத் துருவித் துருவிப் பார்ப்பார். புதிய முறையில், கடன் கொடுத்த நிறுவனம் அதை உடனே ஒரு முதலீட்டு வங்கிக்கு விற்றுவிட்டது. முதலீட்டு வங்கி இப்படி ஆயிரக்கணக்கான கடன்களை ஒன்றாகக் கட்டி, சிடிஓ எனப்படும் பத்திரங்களாக மாற்றி, உலகெங்கும் உள்ள ஓய்வூதிய நிதிகளுக்கும் பிற முதலீட்டாளர்களுக்கும் விற்றது. வீடு வாங்கியவர் கட்டும் தவணை கடைசியில் யாரோ முகம் தெரியாத முதலீட்டாளருக்குப் போய்ச் சேர்ந்தது.

இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணிக்கும் கட்டணம் உண்டு. முகவருக்குக் கடன் எழுதிய அன்றே கமிஷன். வங்கிக்குப் பத்திரம் விற்ற அன்றே வருமானம். அதிகாரிக்கு அந்த ஆண்டே போனஸ். மூன்று ஆண்டுகள் கழித்துக் கடன் வாராக்கடனானால் அவர்களில் யாரும் ஒரு காசும் திருப்பித் தரவேண்டியதில்லை. அப்படியிருக்க, வருமானச் சான்று எதற்குக் கேட்பார்கள்? வருமானத்தை வாயால் சொன்னாலே போதும் என்ற கடன்கள் பெருகின. வட்டி எவ்வளவு அதிகமோ அவ்வளவு லாபம் என்பதால், சாதாரண வட்டிக்குத் தகுதி உள்ளவர்களையும் அதிக வட்டிக் கடனில் தள்ளினார்கள் என்று படம் சுட்டிக்காட்டுகிறது. முதல் இரண்டு ஆண்டுகள் குறைந்த வட்டி, அடுத்த இருபத்தெட்டு ஆண்டுகள் சந்தையைப் பொறுத்து ஏறும் வட்டி என்பது அப்போது பரவலாக விற்ற வகை. வீட்டு விலை ஏறிக்கொண்டே இருந்தால் மறுகடன் வாங்கித் தப்பலாம். 2006க்குப் பிறகு விலை இறங்கத் தொடங்கியதும் அந்த வழி அடைபட்டது.

வாங்கியவர்கள் எல்லாம் பெரிய நிறுவனங்கள். குப்பைப் பத்திரம் என்று அவர்களுக்குத் தெரியாதா?

அவர்கள் பார்த்தது தரமதிப்பீட்டை. மூடீஸ், ஸ்டாண்டர்ட் அண்ட் பூர்ஸ், ஃபிட்ச் ஆகிய மூன்று நிறுவனங்கள் இந்தப் பத்திரங்களுக்கு ‘ஏஏஏ’ தரம் கொடுத்தன. அரசுக் கடன்பத்திரத்துக்குக் கிடைக்கும் அதே தரம். பல ஓய்வூதிய நிதிகளின் விதிகள் உயர்தரப் பத்திரங்களில்தான் முதலீடு செய்யலாம் என்று சொல்கின்றன. முத்திரை விழுந்ததும் கதவு திறந்தது.

முத்திரை குத்துவதற்குப் பணம் கொடுத்தது யார்? பத்திரத்தைத் தயாரித்து விற்ற வங்கியேதான். ஒரு நிறுவனம் தரம் தர மறுத்தால் வங்கி பக்கத்து நிறுவனத்துக்குப் போய்விடும். பிறகு அமெரிக்க அரசு அமைத்த விசாரணை ஆணையம் 2011இல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது: 2006இல் மூடீஸ் நிறுவனம் ஒவ்வொரு வேலை நாளும் வீட்டுக்கடன் தொடர்பான 30 பத்திரங்களுக்கு ‘ஏஏஏ’ கொடுத்தது, அவ்வாண்டு அப்படித் தரம் பெற்றவற்றில் 83 சதவீதம் பின்னர் தரமிறக்கப்பட்டன. நாடாளுமன்றக் குழுவின் முன் நிறுத்திக் கேட்டபோது, தங்கள் மதிப்பீடு வெறும் கருத்துதான் என்று அந்நிறுவனத்தார் ஒருவர் பின் ஒருவராகச் சொல்கிறார்கள். படத்தில் எனக்கு ஆத்திரம் வந்த இடங்களில் இது முதலிடம்.

ஏஐஜி காப்பீட்டு நிறுவனம்தானே? அது எப்படி இதில் மாட்டிக்கொண்டது?

சிடிஎஸ் என்ற ஒப்பந்தத்தால். சிடிஓ பத்திரம் நொடித்துப்போனால் இழப்பை நான் தருகிறேன் என்று ஏஐஜி உறுதி கொடுத்து, அதற்குத் தவணை வாங்கிக்கொண்டது. சாதாரணக் காப்பீட்டில் உங்கள் வீட்டை நீங்கள் மட்டுமே காப்பீடு செய்ய முடியும். இங்கே அந்தப் பத்திரத்தைக் கையில் வைத்திராதவர்களும் அதன்மீது ஒப்பந்தம் போட முடிந்தது. உங்கள் வீட்டின்மேல் ஊரில் ஐம்பது பேர் காப்பீடு எடுத்திருப்பது போன்ற நிலை. தீப்பிடித்தால் ஐம்பது பேருக்கும் பணம் தரவேண்டும்.

இதைக் காப்பீடு என்று சட்டம் கருதாததால், இழப்பு வந்தால் கொடுப்பதற்கு ஏஐஜி பணம் ஒதுக்கி வைக்கவேண்டிய கட்டாயம் இல்லை. வந்த தவணை முழுவதும் லாபமாகக் கணக்கில் ஏறியது; லாபத்தின்மேல் போனஸ் போனது. 2008 செப்டம்பர் 16 அன்று அரசு 8,500 கோடி டாலர் கடன் தந்து அதைக் கைதூக்கிவிட வேண்டியதாயிற்று. பின்னர் அந்த உதவி இரு மடங்குக்கும் மேல் வளர்ந்தது.

கோல்ட்மேன் சாக்ஸ் தான் விற்ற பத்திரம் கவிழும் என்று தானே பந்தயம் கட்டியதாகப் படம் சொல்கிறதே, அது உண்மையா?

உண்மை. கோல்ட்மேன் சாக்ஸ் என்ற முதலீட்டு வங்கி ஒரு பக்கம் இந்தப் பத்திரங்களை வாடிக்கையாளர்களுக்கு விற்றது. மறுபக்கம் அவை வீழ்ந்தால் லாபம் வரும்படி ஒப்பந்தங்கள் வைத்திருந்தது. 2010 ஏப்ரலில் செனட் விசாரணைக் குழுவின் தலைவர் கார்ல் லெவின், கோல்ட்மேன் ஊழியர்களே ஒரு பத்திரத்தைக் கேவலமான சரக்கு என்று எழுதிய மின்னஞ்சலைச் சத்தமாகப் படித்து, அதைத் தெரிந்தே விற்றீர்களா என்று கேட்கும் காட்சி படத்தில் உண்டு. எதிரே இருப்பவர்கள் நேரடியாகப் பதில் சொல்லாமல் சுற்றி வளைக்கிறார்கள். அதே ஆண்டு ஜூலையில், வேறொரு பத்திரம் தொடர்பான வழக்கில் 55 கோடி டாலர் கட்டி நிறுவனம் சமரசம் செய்துகொண்டது.

முந்தைய பதிலோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். அரசு ஏஐஜிக்குக் கொடுத்த பணத்திலிருந்து கோல்ட்மேனுக்குப் போனது சுமார் 1,290 கோடி டாலர். ஒப்பந்தத் தொகையில் ஒரு காசு குறைக்காமல் கொடுத்தார்கள். அப்போது நிதியமைச்சராக இருந்த ஹென்றி பால்சன் அதற்கு முன் கோல்ட்மேனின் தலைவர்.

இதையெல்லாம் தடுக்கச் சட்டமே இல்லையா?

இருந்தது, கழற்றிவிட்டார்கள். மக்களின் வைப்புத்தொகையை வைத்திருக்கும் வங்கியும் சந்தையில் விளையாடும் முதலீட்டு வங்கியும் தனித்தனியாக இருக்கவேண்டும் என்றது 1933ஆம் ஆண்டின் கிளாஸ்-ஸ்டீகல் சட்டம். 1998இல் சிட்டிகார்ப் வங்கியும் டிராவலர்ஸ் காப்பீட்டு நிறுவனமும் அதை மீறும் வகையில் இணைந்தன. மறு ஆண்டே சட்டம் தளர்த்தப்பட்டது.

என் கணிப்பில் இதைவிடப் பெரிய தவறு டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களை, அதாவது வேறொன்றின் மதிப்பைப் பொறுத்துப் பணம் கைமாறும் சிடிஎஸ் போன்ற ஒப்பந்தங்களை, சட்டத்தின் பார்வைக்கு வெளியே விட்டது. ப்ரூக்ஸ்லி பார்ன் என்ற வழக்கறிஞர் அப்போது முன்பேர வணிக ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவர். 1998இல் இந்தச் சந்தையை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று முன்மொழிந்தார். நிதித்துறையின் துணை அமைச்சராக இருந்த லாரி சம்மர்ஸ், தன் அறையில் பதின்மூன்று வங்கியாளர்கள் இருப்பதாகச் சொல்லித் தொலைபேசியில் அவரைக் கண்டித்ததையும், அழைப்பு முடிந்தபோது பார்னின் முகம் வெளிறியிருந்ததையும் அவருடன் பணியாற்றிய மைக்கேல் கிரீன்பெர்கர் விவரிக்கிறார். மத்திய வங்கித் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பான், நிதியமைச்சர் ராபர்ட் ரூபின் ஆகியோரும் சேர்ந்து எதிர்த்தார்கள். 2000 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் இந்தச் சந்தையை ஒழுங்குபடுத்தவே முடியாதபடி செய்துவிட்டது. ஏஐஜி பணம் ஒதுக்காமல் உறுதிமொழி விற்க முடிந்தது இதனால்தான்.

வருமுன் யாருமே எச்சரிக்கவில்லையா?

எச்சரித்தார்கள். வீட்டுக்கடன் மோசடி கொள்ளைநோய்போலப் பரவுவதாக எஃப்பிஐ 2004லேயே சொன்னது. 2005இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஹோலில் நடந்த மத்திய வங்கியாளர்கள் மாநாட்டில் ரகுராம் ராஜன் ஓர் ஆய்வுரை படித்தார். குறுகிய கால லாபத்துக்குப் பெரும் போனஸ், பின்னால் வரும் நட்டத்துக்குத் தண்டனை இல்லை என்ற ஏற்பாடு, நிறுவனங்களையும் நிதி அமைப்பையுமே கவிழ்த்துவிடக்கூடும் என்பது அதன் சாரம். அப்போது அவர் பன்னாட்டு நிதியத்தின் தலைமைப் பொருளியலாளர். இந்திய ரிசர்வ் வங்கியின் ஆளுநரானது 2013இல்.

அந்த மாநாடு கிரீன்ஸ்பானின் பதவிக்காலத்தைப் பாராட்டும் நோக்கில் கூடியது. பாராட்டு அரங்கில் எழுந்து இதைச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். சம்மர்ஸ் எழுந்து, இது முன்னேற்றத்துக்கு எதிரானவர்களின் பேச்சு என்ற பொருளில் தாக்கினார்.

லேமன் வங்கியைச் சாகவிட்டு ஏஐஜியை மட்டும் காப்பாற்றியது ஏன்?

2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி 63,900 கோடி டாலர் சொத்துக் கணக்கோடு திவால் மனு போட்டது. வாங்க ஆளில்லை, சட்டப்படி உதவ வழியில்லை என்பது அரசுத் தரப்பின் விளக்கம். மறுநாளே ஏஐஜிக்கு வழி கிடைத்தது. லேமன் வீழ்ந்ததும் உலகச் சந்தைகள் உறைந்துபோனதை அதற்குள் கண்ணால் பார்த்துவிட்டார்கள் என்பது ஒரு காரணம். ஏஐஜி வீழ்ந்தால் பணம் இழக்கப்போகிற வங்கிகளின் பட்டியல் மிகப் பெரிது என்பது மற்றொன்று.

லேமன் திவாலாகப் போவது உங்களுக்கு எப்போது தெரியும் என்று அன்றைய பிரெஞ்சு நிதியமைச்சர் கிறிஸ்டீன் லகார்டிடம் ஃபெர்குசன் கேட்கிறார். நடந்து முடிந்த பிறகுதான் என்கிறார் அவர்.

பேராசிரியர்களை ஃபெர்குசன் ஏன் குற்றவாளிகளைப்போல விசாரிக்கிறார்? அவர்கள் பத்திரம் விற்கவில்லையே?

விற்கவில்லை; விற்பதற்கு வழிவிடும் கொள்கைகளுக்கு அறிவுலக மதிப்பைக் கொடுத்தார்கள், அதற்குப் பணமும் பெற்றார்கள் என்பதுதான் படத்தின் குற்றச்சாட்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஃபிரெடரிக் மிஷ்கின் 2006இல் ஐஸ்லாந்தின் நிதி நிலைத்தன்மை பற்றி அறிக்கை எழுதினார். அதற்காக ஐஸ்லாந்து வர்த்தக சபை அவருக்கு 1,24,000 டாலர் கொடுத்தது. நாடு கவிழ்ந்தபின் அவரது தன்விவரக் குறிப்பில் அந்த அறிக்கையின் தலைப்பு ‘நிலையின்மை’ என்று மாறியிருந்தது. கேட்டால், எழுத்துப்பிழையாக இருக்கலாம் என்கிறார். நெருக்கடி முற்றிய 2008 ஆகஸ்டில் அமெரிக்க மத்திய வங்கி ஆளுநர் பதவியிலிருந்து விலகியது ஏன் என்று கேட்டால், பாடநூலைத் திருத்தவேண்டியிருந்தது என்கிறார்.

அன்றைய ஹார்வர்ட் பொருளியல் துறைத் தலைவர் ஜான் கேம்பலிடம் கேட்கப்படும் கேள்வி இன்னும் கூர்மையானது. ஒரு மருத்துவ ஆய்வாளர் ஒரு மருந்தைப் பரிந்துரைத்துக் கட்டுரை எழுதுகிறார். அவரது வருமானத்தில் 80 சதவீதம் அந்த மருந்து நிறுவனத்திடமிருந்து வருகிறது. இது உங்களை உறுத்தாதா? கேம்பல் தொடங்குகிறார், நிறுத்துகிறார், இது வேறு அது வேறு என்று இழுக்கிறார், வாக்கியம் முடிவதில்லை. கேமரா நகராமல் அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அன்றைய கொலம்பியா வணிகப் பள்ளித் தலைவர் கிளென் ஹப்பர்டோ பொறுமையிழந்து, இன்னும் மூன்று நிமிடம்தான், முடிந்ததைக் கேளுங்கள் என்று சீறுகிறார்.

இவர்களை மடக்கியது நியாயமா என்றால், நியாயமே என்பேன். வங்கியாளர் தன் லாபத்துக்காகப் பேசுகிறார் என்பது கேட்பவருக்குத் தெரியும். பேராசிரியர் பேசும்போது நாம் அந்த எச்சரிக்கையைக் கழற்றி வைத்துவிடுகிறோம்.

கிரீன்ஸ்பான், சம்மர்ஸ், பால்சன் யாருமே பேட்டி கொடுக்கவில்லையே?

மறுத்துவிட்டார்கள்; படம் ஒவ்வொரு மறுப்பையும் பதிவு செய்கிறது. மறுத்ததையே குற்றத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்களது பழைய உரைகளும் நாடாளுமன்றச் சாட்சியங்களும் படத்தில் இருக்கின்றன, அவற்றைக்கொண்டு எடைபோடுங்கள்.

படம் ஒருதலைப்பட்சமானது என்கிறார்களே?

படத்துக்கு ஒரு நிலைப்பாடு உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் விடுபட்டவையும் உண்டு. 2003 முதல் 2004 வரை மத்திய வங்கி வட்டியை 1 சதவீதத்தில் வைத்திருந்தது, ஆசிய நாடுகளின் சேமிப்பு அமெரிக்காவுக்குள் வெள்ளமாகப் பாய்ந்தது, அரசு ஆதரவு பெற்ற ஃபேனி மே, ஃபிரெடி மேக் வீட்டுக்கடன் நிறுவனங்களின் பங்கு ஆகியவற்றுக்கு இன்னும் இடம் கொடுத்திருக்கலாம். நான் மேலே சொன்ன விசாரணை ஆணையத்திலேயே உறுப்பினர்கள் பிளவுபட்டார்கள். பெரும்பான்மையினர் இது தவிர்த்திருக்கக்கூடிய நெருக்கடி என்றார்கள், ஒருவர் அரசின் வீட்டுவசதிக் கொள்கையே மூலகாரணம் என்று தனியாக எழுதினார்.

கிளாஸ்-ஸ்டீகல் பற்றியும் ஒரு மறுப்பு உண்டு. முதலில் சரிந்த பேர் ஸ்டெர்ன்ஸும் லேமனும் தனி முதலீட்டு வங்கிகள். அந்தச் சட்டம் இருந்திருந்தாலும் அவை அப்படியே இருந்திருக்கும். இது வலுவான வாதம்தான். வங்கியாளர்களின் போதைப்பழக்கம், பாலியல் தொழிலாளர்களிடம் செல்வது பற்றிய பகுதி தேவையற்றது என்பது என் கருத்து. ஒழுக்கமாக வாழ்ந்தவர்களும் இதே பத்திரங்களைத்தான் விற்றார்கள். வாதத்தின் கூர்மை அங்கே மழுங்குகிறது.

சக்திக்கு மீறிக் கடன் வாங்கியவர்கள் மேல் தவறே இல்லையா?

சிலர்மேல் உண்டு. வருமானத்தைக் கூட்டிச் சொன்னவர்களும், விலை ஏறும் என்று நம்பி இரண்டு மூன்று வீடு வாங்கியவர்களும் இருந்தார்கள். ஆனால் ஒருவருக்குக் கடன் கொடுக்கலாமா கூடாதா என்று முடிவு செய்வது கொடுப்பவரின் தொழில். அந்தத் தொழிலைச் செய்யாமல் இருப்பதற்குக் கூலி கிடைத்ததைத்தான் வீட்டுக்கடன் பற்றிய பதிலில் பார்த்தோம். தண்டனையையும் ஒப்பிட வேண்டும். கடன் வாங்கியவர் வீட்டை இழந்து தெருவுக்கு வந்தார். வேலையின்மை 2009 அக்டோபரில் 10 சதவீதத்தைத் தொட்டபோது, கடனே வாங்காதவர்களும் வேலையை இழந்தார்கள்.

கடைசியில் யாராவது சிறைக்குப் போனார்களா?

ஆஸ்கர் மேடையில் விருதைக் கையில் வைத்துக்கொண்டு ஃபெர்குசன் சொன்னதே இதைத்தான்: மூன்று ஆண்டுகள் ஆகியும் ஒரு நிதி நிறுவன அதிகாரிகூடச் சிறைக்குப் போகவில்லை, இது தவறு என்றார். அதன்பின் 2013இல் கிரெடிட் சுவிஸ் வங்கியின் கரீம் செரகெல்தினுக்கு, பத்திரங்களின் மதிப்பைக் கூட்டிக் காட்டியதற்காக 30 மாதச் சிறை கிடைத்தது. வால் ஸ்ட்ரீட்டின் பெரிய வங்கிகளின் தலைவர்களில் ஒருவரும் போகவில்லை. 1980களின் சேமிப்பு வங்கி ஊழலில் நூற்றுக்கணக்கானோர் சிறை சென்ற அதே நாட்டில்தான் இது.

நிறுவனங்கள் அபராதம் கட்டின. ஸ்டாண்டர்ட் அண்ட் பூர்ஸ் 2015இல் 137.5 கோடி டாலரும், மூடீஸ் 2017இல் 86.4 கோடி டாலரும் கட்டிச் சமரசம் செய்துகொண்டன. அந்தப் பணம் போனது பங்குதாரர்களின் பையிலிருந்து; முத்திரை குத்திய அதிகாரிகளின் போனஸ் அவர்களிடமே இருக்கிறது. படம் தொடங்கிய ஐஸ்லாந்திலோ, கௌப்திங் வங்கியின் தலைமை நிர்வாகி உட்படப் பல வங்கியாளர்கள் சிறைத்தண்டனை பெற்றார்கள்.

படம் வந்தபின் ஏதாவது மாறியதா?

பேராசிரியர்கள் விஷயத்தில் மாறியது. ஆய்வுக்கட்டுரை எழுதுவோர் தங்களுக்குப் பணம் தந்தவர்களை வெளிப்படுத்த வேண்டும் என்று அமெரிக்கப் பொருளியல் சங்கம் 2012இல் விதி கொண்டுவந்தது. கொலம்பியா வணிகப் பள்ளியும் தன் விதிகளை இறுக்கியது. ஓர் ஆவணப்படத்துக்கு இது சிறிய வெற்றி அல்ல.

சட்டத்தில், 2010இல் வந்த டாட்-ஃபிராங்க் சட்டம் டெரிவேட்டிவ் சந்தையின் பெரும்பகுதியைக் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தது. நுகர்வோருக்கு ஒரு பாதுகாப்பு அமைப்பும் உருவானது. 2018இல் அதே சட்டத்தில், கடுமையான கண்காணிப்புக்கு உட்படும் வங்கிகளின் சொத்து வரம்பை 5,000 கோடி டாலரிலிருந்து 25,000 கோடியாக உயர்த்தினார்கள். அந்த வரம்புக்குக் கீழே இருந்த சிலிக்கான் வேலி வங்கி 2023 மார்ச்சில் கவிழ்ந்தது. தரமதிப்பீட்டு நிறுவனங்களுக்குப் பணம் தருவது இன்றும் பத்திரத்தை வெளியிடுபவர்தான்.

முழுப் படமும் பார்க்க நேரமில்லை. எந்தப் பகுதியைப் பார்க்கலாம்?

இரண்டாம் பகுதியையும் நான்காம் பகுதியையும் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கடன் சங்கிலிப் படவிளக்கம் வரும்போது நிறுத்தி, ஒவ்வொரு கண்ணிக்கும் பணம் எங்கிருந்து, எப்போது வருகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான்காம் பகுதியைப் பாருங்கள். பேட்டியில் ஒருவர் எந்தக் கேள்விக்குத் தடுமாறப்போகிறார் என்பது கேள்வி வருமுன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.